ஆக்சிலேட்டர் முறுக்கு எந்த அளவில் இருக்கும்போது மிஸ்ஸிங்? ஆர்எக்ஸ் 100 மண்தட வண்டிக்குக் கார்புரேட்டர் டியூனிங்

உங்கள் கேள்வியில் பதிலுக்குத் தேவையானதை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை மண் தடத்துக்காக மாற்றியிருக்கிறீர்கள். ஆஃப்ரோடு டயர், எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், கம்பெனி கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு 28 மில்லிமீட்டர் வாயுள்ள, கெய்ஹின் கம்பெனியின் பிடபிள்யூகே மாதிரிக் கார்புரேட்டர். ஆயில் பம்ப்பையும் எடுத்துவிட்டு, லிட்டருக்கு 50 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுகிறீர்கள். நான்கு கோளாறு சொல்கிறீர்கள். ஐட்லிங்கிலிருந்து சட்டென்று முறுக்கினால் வண்டி மூச்சை இழுத்து அணையப் பார்க்கிறது. அரை முறுக்கில் மிஸ்ஸிங்கும் புகையும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சில நேரம் ரேஸ் இறங்க மறுக்கிறது. கொடைக்கானலில் நண்பரின் எஸ்டேட் தடத்துக்குக் கொண்டுபோனால் பிளக் கறுத்து அடைத்துக்கொள்கிறது. மெக்கானிக் மூன்று தடவை மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு) மாற்றிவிட்டார், பலன் இல்லை.

பலன் இருக்கவும் வழியில்லை. நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூட முழு முறுக்கில் வருவது இல்லை. மெயின் ஜெட் முக்கால் முறுக்கைத் தாண்டிய பிறகுதான் முழுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கை அசையாமல் ஐட்லிங்கில் இருக்கும்போதும் முதல் கொஞ்சம் முறுக்கும்போதும் பெட்ரோல் கொடுப்பது சின்னத் துளையுள்ள ஸ்லோ ஜெட்டும், அதோடு சேரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவும். கால் முறுக்கு வரும் வரை, முறுக்கும்போது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடின் அடிப்பகுதியில் இருக்கும் சாய்வு வெட்டுக்கும் அதில் பங்கு உண்டு. கால் முதல் முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். இந்த எல்லைகள் கோடு போட்டது போல் இருக்காது, ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். ஆனாலும் கோளாறு வரும்போது கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எதைக் கழற்ற வேண்டும் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப் துண்டு, அதை ஒட்டிய சுவிட்ச் பெட்டியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று ஐந்து கோடு. ஓட்டும்போது பெரும்பாலோர் அரை முறுக்கு என்று நினைப்பது உண்மையில் கால் முறுக்காகத்தான் இருக்கும். கோடு போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். என்ஜின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கார்புரேட்டருக்கு முறுக்கின் அளவுதான் கணக்கு, மூன்றாம் கியரா நான்காம் கியரா என்பது அதற்குத் தெரியாது.

இப்போது உங்கள் நான்கு கோளாறில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது மூன்றாவது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்கவில்லை என்றால், கேபிள் தடையில்லாமல் ஓடுகிறதா, ஸ்லைடு முழுதாக இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரி என்றால், எங்கிருந்தோ கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகிறது. டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறையான கிராங்க் கேஸே ஒரு பம்ப். அதில் எந்த இடத்தில் ஓட்டை இருந்தாலும் என்ஜின் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும், கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். இதைத்தான் லீன் என்கிறோம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும். சூடும் ஏறி உயவும் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இது எனக்கு நடந்திருக்கிறது. ஆர்எக்ஸ் 135 ஒன்றில் ஒரு மாதம் முழுக்க ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தேன். காலையில் சரியாக இருக்கும், வண்டி சூடானதும் ஐட்லிங் தானாக ஏறும். ஸ்லோ ஜெட்டைப் பெரிதாக்கினேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஏற்றத்தில் முழு முறுக்கில் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தபோது மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீலின் உதடு கல் போல் இறுகிக் கிடந்தது, விரல் நகத்தால் அழுத்தினாலும் வளையவில்லை. ஜெட்டைப் பெரிதாக்கி அந்த ஓட்டையை ஐட்லிங்கில் மட்டும் மறைத்து வைத்திருக்கிறேன், முழு முறுக்கில் அது அப்படியே இருந்திருக்கிறது. அதன் பிறகு பழைய டூ ஸ்ட்ரோக் எது வந்தாலும் காற்றுக் கசிவு பார்க்காமல் நான் ஜெட்டில் கை வைப்பதில்லை.

கசிவு பார்ப்பது பெரிய விஷயம் இல்லை. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் வாயை கெட்டி ரப்பர் ஷீட் வைத்து இறுக்கி மூடுங்கள். கார்புரேட்டர் உட்காரும் ரப்பர் குழாயில் பொருந்தும் அளவுக்கு ஒரு அடைப்பான், அதன் நடுவில் ஒரு சின்னக் குழாய். காற்று அடிக்க, வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப் பந்தும் மீட்டரும் போதும், மீட்டர் 300 வரை காட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள், அப்போதுதான் சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளான போர்ட்டுகள் திறந்து ஹெட் வரை அழுத்தம் போகும். பிளக் இடத்தில் இருக்கட்டும். 260 வரை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் அருமை. நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நுரையை ஹெட் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், ரீட் பிளாக்கின் (காற்றை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) ஓரம், இன்டேக் ரப்பர், மேக்னெட்டைக் கழற்றி அந்தச் சீல் என்று ஒவ்வொரு இடமாகத் தடவினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். கிளட்ச் பக்கத்துச் சீலுக்கு, கியர் பாக்ஸ் ஆயில் ஊற்றும் துளையில் நுரையை வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கச் சீல் போனால் இன்னொரு அடையாளமும் உண்டு: கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும், வெள்ளைப் புகை அடங்காது. கூடுதலாக 28 மில்லி கார்புரேட்டரைப் பொருத்த வேறு ரப்பர் வாங்கி மாட்டியிருப்பீர்கள். அதன் வளைவில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

ரீட் பிளாக்கையும் கழற்றி இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். முனை உடைந்த இதழ் என்றால் வண்டி கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலைத் திருப்பித் துப்பும், கிக்கர் அடித்து அடித்துக் கால் ஓய்ந்துபோகும்.

கசிவு இல்லை என்று உறுதியானதும் கார்புரேட்டருக்கு வரலாம். அதற்கு முன் 28 மில்லி பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 100க்குக் கம்பெனி கொடுத்தது 20 மில்லிமீட்டர் மிக்யூனி கார்புரேட்டர். 20க்கும் 28க்கும் வித்தியாசம் எட்டு மில்லிதானே என்று தோன்றும். வாயின் பரப்பைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே என்ஜின் அதே காற்றை இழுக்கும்போது, இரண்டு மடங்கு அகலமான வாயில் காற்றின் வேகம் பாதியாகிவிடும். பெட்ரோலை ஜெட்டிலிருந்து மேலே இழுப்பது அந்த வேகம்தான். நீங்கள் சட்டென்று முறுக்கும்போது ஸ்லைடு மேலே போகிறது, காற்று உடனே பாய்கிறது, பெட்ரோல் எடை அதிகம் என்பதால் பின்தங்குகிறது. அந்தக் கண நேரம்தான் உங்கள் முதல் கோளாறு. போர்ட்டுகளை அரைத்து மாற்றும் போர்ட்டிங் எதுவும் செய்யாத என்ஜினில், அதுவும் மண்ணில் மெதுவான வளைவிலிருந்து பிக்கப் தேவைப்படும் வண்டிக்கு, 24 மில்லி தாராளம் என்பது என் முடிவு. இருந்தாலும் கையில் இருப்பதை ஓடவைக்க முடியும். ஆனால் அது மலிவு விலை நகல் என்றால் ஜெட்டிலும் நீடிலிலும் எண் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத நீடிலை வைத்து டியூனிங் செய்வது இருட்டில் ஊசியில் நூல் கோர்ப்பது போல்தான்.

கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஸ்லோ ஜெட்டை வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நடுவில் வட்டமான ஒளிப் புள்ளி தெரிய வேண்டும். புள்ளி கோணலாகவோ பிறை போலவோ இருந்தால் பாதி அடைப்பு. பித்தளை மென்மையானது, கேபிள் கம்பியின் எஃகு இழையைவிட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு அதில் அடித்திருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கரண்ட் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்து விடுங்கள், அப்புறம் கிளீனர் ஸ்ப்ரே, அப்புறம் காற்று. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். இரண்டு வாரம் வண்டி சும்மா நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரமும் பாருங்கள். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு ஊசி வால்வின் ஸ்பிரிங்கை அழுத்தாமல் தொடும் நிலையில், ஃப்ளோட்டின் விளிம்பு பாடியின் விளிம்புக்கு இணையாக இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். மண் தடத்தில் இன்னொரு விஷயம் உண்டு, ரோட்டில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. கார்புரேட்டரிலிருந்து கீழே தொங்கும் ரப்பர் குழாய்களில் சில, கிண்ணம் மூச்சுவிடுவதற்கானவை. அவற்றின் முனையைச் சேறு அடைத்தாலோ ஓடையைக் கடக்கும்போது தண்ணீரில் மூழ்கினாலோ கிண்ணத்துக்குள் பெட்ரோல் இறங்காது, காரணமே தெரியாமல் வண்டி திணறும். ஒரு மூச்சுக் குழாயை மட்டும் டேங்க்கின் அடிப்பக்கம் வரை மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள்.

சரி, டியூனிங். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். ஏர் ஃபில்டர் சுத்தமாக, ஆயில் தடவி, மாட்டியபடி இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவைத்துச் செய்த டியூனிங் ஃபில்டரை மாட்டியதும் மாறிவிடும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள், இறுக்க வேண்டாம். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஐட்லிங்கைக் குறைவாக வைத்துக்கொண்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி ரேஸ் எங்கே அதிகமாக ஏறுகிறது என்று கேளுங்கள். உங்கள் கார்புரேட்டரில் இந்த ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கிறது, அதனால் வெளியே திருகினால் காற்று கூடும், உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் கார்புரேட்டர்களில் இது அப்படியே தலைகீழ். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். நல்ல இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் ஸ்லோ ஜெட் சின்னது, ஒரு அளவு பெரிதாக்குங்கள். இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் ஜெட் பெரிது. கடைசியாக, ரேஸ் அதிகமாக ஏறிய இடத்திலிருந்து துளி உள்ளே திருகி, சட்டென்று முறுக்கிப் பாருங்கள். ஐட்லிங்கைவிட அந்த முறுக்குக்கு வண்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பதுதான் மண்ணில் உங்களுக்கு வேண்டும்.

திணறலில் இரண்டு வகை உண்டு, காதுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். பெட்ரோல் போதாத திணறல் காலிக் குடத்துக்குள் ஊதுவது போல் வெறுமையாக இருக்கும், புகை இருக்காது, வண்டி சட்டென்று செத்துவிடும். பெட்ரோல் கூடிப்போன திணறல் வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போல் களகளக்கும், பின்னால் புகை இருக்கும், மெதுவாகத் தெளியும். சந்தேகம் வந்தால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், அது கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். இழுத்ததும் கோளாறு குறைந்தால் லீன், மோசமானால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் கோளாறு லீன், இரண்டாவது ரிச். ஒரே கார்புரேட்டரில் இரண்டும் எப்படி என்று குழம்ப வேண்டாம், வெவ்வேறு முறுக்கில் வெவ்வேறு பாகம் வேலை செய்கிறது. ஸ்லோ ஜெட்டைச் சரி செய்த பிறகும் கால் முறுக்குக்குள் வெறுமையான திணறல் மிஞ்சினால், சாய்வு வெட்டு குறைவான ஸ்லைடு தேட வேண்டும். வெட்டு பெரிதாகப் பெரிதாகக் காற்று கூடும்.

ஸ்லோ ஜெட்டுக்கு அடுத்து நீடிலுக்குப் போகத் தோன்றும். நான் அதற்கு முன் மெயின் ஜெட்டைப் பார்த்துவிடுவேன், ஏனென்றால் முக்கால் முறுக்கை நெருங்கும்போது இரண்டின் வேலையும் கலக்கிறது, மெயினை மாற்றினால் நீடிலை மறுபடியும் பார்க்க வேண்டி வரும். நீளமான நேர்த்தடம் தேவை. பெரிய ஜெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். முழு முறுக்கில் ரேஸ் உச்சத்துக்குப் போகாமல் களகளத்து நிற்கும் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு அளவாக இறங்கி, உச்சம் தெளிவாக வரும் முதல் ஜெட்டில் நின்றுவிடுங்கள். இன்னும் ஒன்று இறக்கினால் இன்னும் வேகம் வருமா என்று ஆசை வரும். வேண்டாம், பிஸ்டன் அந்த எல்லையில்தான் போகிறது. சரிபார்க்கப் புது பிளக் ஒன்றை மாட்டி, முழு முறுக்கில் ஓட்டி, அதே நொடியில் கிளட்சைப் பிடித்து கில் சுவிட்சை அழுத்தி நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் நுனியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது உள்ளே இறங்கி உலோகத்தோடு சேரும் அடியில் மெல்லிய பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையமே இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளை என்றால் உடனே ஜெட்டைப் பெரிதாக்குங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய காபி நிறம் எதிர்பார்த்தபடி வராது. 20 சதவீத எத்தனால் பெட்ரோலில், அதே காற்றுக்கு எடையில் எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. பழைய காலத்து ஜெட் எண்களை யாராவது சொன்னால் அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மிக்யூனியின் அறுகோண மெயின் ஜெட்டில் இருக்கும் எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கும். கெய்ஹின் எண் துளையின் விட்டம், 130 என்றால் 1.30 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மெக்கானிக் மூன்று தடவை மாற்றியதில் எது எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள்.

அரை முறுக்கு மிஸ்ஸிங்குக்கு நீடிலின் கிளிப். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். உங்களுக்குத் தேவை இதுதான், ஒரு பள்ளம் மேலே. ஒரு பள்ளத்தில் கணிசமாகத் தெளியும். உச்சப் பள்ளத்துக்குப் போன பிறகும் புகை நிற்கவில்லை என்றால், நீடில் இந்த என்ஜினுக்கு மெலிதாக இருக்கிறது, அல்லது நீடில் இறங்கும் பித்தளைக் குழாய் உராய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. பழைய கார்புரேட்டரில் இரண்டாவதுதான் அடிக்கடி.

ஆயிலைப் பற்றி ஒன்று. லிட்டருக்கு 50 மில்லி என்பது 20க்கு 1. ஜாசோ எஃப்டி தரத்து 2டி ஆயில் ஊற்றினால் 32க்கு 1, அதாவது லிட்டருக்கு 31 மில்லி போதுமானது. கூட ஆயில் பாதுகாப்பு என்று நினைப்போம். ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் அவ்வளவு குறைகிறது, கலவை லீன் பக்கம் நகர்கிறது, பிளக்கும் அடைக்கிறது. விகிதத்தை மாற்றினால் டியூனிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும், அதனால் முதலில் இதை முடிவு செய்துவிட்டு அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். சமவெளியோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலும் அதே விகிதத்தில் குறைந்திருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பெட்ரோல் பாய்வது அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றித்தான் குறைகிறது: காற்று 80 சதவீதம் ஆகும்போது பெட்ரோல் 89 சதவீதத்தில் நிற்கிறது. அந்த மிச்சம்தான் உங்கள் பிளக்கைக் கறுப்பாக்குகிறது. பாயும் அளவைக் குறிக்கும் எண் என்றால் மெயின் ஜெட்டைப் பத்து சதவீதம் வரை இறக்கலாம், 130க்கு 117 போல. விட்டத்தைக் குறிக்கும் எண் என்றால் ஐந்து சதவீதம்தான், 130க்கு 123. மலையில் குளிர் காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், ஆகவே கணக்கில் வருவதைவிட ஒரு படி பெரிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஏர் ஸ்க்ரூ கால் அல்லது அரைச் சுற்று வெளியே, கிளிப் ஒரு பள்ளம் மேலே. இழந்த இழுவை இதனால் திரும்ப வராது, அங்கே காற்றே குறைவு. பிளக் அடைப்பு நிற்கும், வண்டி தெளிவாக ஓடும்.

மலைக்கான அந்தச் சின்ன ஜெட்டோடு கீழே இறங்கி ஓட்டிவிடாதீர்கள். வத்தலக்குண்டை நோக்கி இறங்க இறங்கக் காற்று அடர்ந்துகொண்டே வரும், கலவை லீன் ஆகிக்கொண்டே வரும். கிளம்பும் முன்பே சமவெளி ஜெட்டை மாட்டிவிடுங்கள், இறக்கத்தில் கொஞ்சம் புகைந்தால் பரவாயில்லை. மலைப்பாதையில் ஆக்சிலேட்டரை மூடி என்ஜின் பிரேக்கிலேயே இறங்கும் பழக்கம் ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டி வந்திருக்கும். ஆயில் கலந்து ஊற்றும் வண்டியில் ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் ஆயிலும் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, என்ஜின் மட்டும் ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில், பிறகு விடுங்கள்.